கார் இல்லாமல் ஒரு பல்கலைக்கழக ஊரில் இரண்டு நாள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வளர்ந்த சிறு நகரங்கள் ஏராளம். அப்படிப்பட்ட மூன்று ஊர்களில் பதினோரு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒரு நாளும் கார் வைத்திருந்ததில்லை. பிள்ளையைப் பார்க்கவோ நண்பனைப் பார்க்கவோ வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ஷாம்பெய்ன்-அர்பானாவில் முதுகலை படிக்கிறாள். நானும் அவள் அப்பாவும் ஒரு வார இறுதிக்குப் போக எண்ணியிருக்கிறோம். இருவருக்கும் அங்கே வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. கார் இல்லாமல் அமெரிக்காவில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். (மதுரையிலிருந்து ஒரு தாய்)

பதில்: தைரியமாகப் போய் வாருங்கள் அம்மா. உறவினர்கள் சொல்வது அந்த நாட்டின் பெரும்பகுதிக்கு உண்மைதான். பல்கலைக்கழக ஊருக்கு அது பொருந்தாது. அங்கே பல ஆயிரம் மாணவர்கள் கார் இல்லாமல்தான் நான்கைந்து ஆண்டுகள் குடித்தனமே நடத்துகிறார்கள். வகுப்பறை, நூலகம், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எல்லாம் அவர்களுக்காக நடக்கும் தூரத்தில் வந்து அமர்ந்திருக்கின்றன. பஸ்ஸும் அவர்களுக்காகவே ஓடுகிறது.

நீங்கள் போகும் ஊருக்கு வழியும் எளிது. சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்துக்குள்ளிருந்தே நீலத் தடம் என்ற நகர ரயில் புறப்படுகிறது. கிளிண்டன் என்ற நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து இலினை, சலூக்கி என்ற பெயருள்ள ஆம்ட்ராக் (அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனம்) ரயில்கள் ஷாம்பெய்னுக்குச் செல்கின்றன. ஏறக்குறைய 210 கி.மீ., இரண்டரை மணி நேரம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற அலுப்பாக இருந்தால் ஓ'ஹேரிலிருந்து நேராக அந்த ஊருக்கே பஸ் உண்டு. ரயில் வந்து நிற்கும் இல்லினாய் டெர்மினல் 1999இல் திறந்த கட்டடம். வெளியூர் பஸ், உள்ளூர் பஸ், ரயில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கிருந்து வளாகத்தின் ஓரம் ஒன்றரை கி.மீ.தான். மகள் வந்து அழைத்துப் போக அவளுக்கும் கார் தேவையில்லை.

கேள்வி: வளாகத்துக்கு அருகில் ஹோட்டல் கட்டணம் அதிகமாக இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் 4 கி.மீ. தூரம்தான். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: கார் இல்லாத பயணத்தில் தங்குமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வரைபடத்தில் 4 கி.மீ. என்பது நேர்கோடு. தரையில் அது வேறு. முதல் முறை என் அம்மா வந்தபோது நானே அந்தத் தவறைச் செய்தேன். அறையிலிருந்து பார்த்தால் எதிரே சாப்பாட்டுக் கடையின் விளக்குப் பலகை தெரியும். நடுவே ஆறு தடச் சாலை. ஹோட்டல் வாசலில் தொடங்கும் நடைபாதை நாற்பது அடி போனதும் புல்லில் முடிந்துவிடும். அதற்கப்பால் மழைநீர் வடிகால் பள்ளம், பிறகு நெடுஞ்சாலையில் ஏறும் வளைவு. சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் செருப்பு புதைய அம்மா நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. "இந்த ஊரில் மனிதர்கள் நடக்கவே மாட்டார்களா?" என்று கேட்டார். வளாகத்துக்குள் வந்ததும் மர நிழலில், அகலமான நடைபாதையில் நூறு பேர் நடந்து போவதைக் கண்ட பிறகுதான் முகம் மலர்ந்தது.

நெடுஞ்சாலை ஹோட்டலில் மிச்சமாகும் பணத்தை நான்கு முறை டாக்சியில் போய் வந்தாலே செலவழித்துவிடுவீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வளாகத்துக்குள்ளேயோ ஒட்டியோ விருந்தினர் விடுதி இருக்கும். முதலில் அங்கே விசாரியுங்கள். அது இல்லையென்றால் வளாகத்துக்கும் ஊரின் பழைய கடைத்தெருவுக்கும் நடுவில் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், ஞாயிறன்றும் பஸ் ஓடும் தடத்தின் மேலேயே ஓர் அறை எடுங்கள். "ஞாயிறன்றும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் என்று நண்பன் சொன்னான். வார இறுதியில் போகிறவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. நண்பன் சொல்வது செவ்வாய்க்கிழமை காலையின் கதை. மாணவர்கள் வகுப்புக்கு ஓடும் நேரத்தில் பஸ் அடுத்தடுத்து வரும். சனிக்கிழமை அதே தடத்தில் அரை மணிக்கு ஒன்று, ஞாயிறு ஒரு மணிக்கு ஒன்று என்று குறைவது சாதாரணம். சில தடங்கள் வார இறுதியில் ஓடவே ஓடாது.

இன்னொரு சிக்கல், எண் மாறுவது. ஷாம்பெய்ன்-அர்பானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் பகலில் 5 என்று ஓடும் பச்சைத் தடம் மாலையிலும் வார இறுதியிலும் 50 ஆகிவிடும். மஞ்சள் 1 என்பது 100 ஆகும். 22 என்ற தடம் 220 ஆகும். நிறம் அதுவேதான், ஆனால் செல்லும் வழியும் நிற்கும் இடமும் கொஞ்சம் மாறலாம். இது தெரிந்தவருக்கு மிக வசதியான ஏற்பாடு. தெரியாதவர் வராத எண்ணுக்காகக் காத்திருப்பார்.

அதனால் ஒன்று செய்யுங்கள். கைப்பேசி வரைபடத்தில் வழி தேடும்போது "இப்போது புறப்படுகிறேன்" என்று விடாமல், நீங்கள் அங்கே இருக்கப்போகும் சனிக்கிழமையின் தேதியையும் நேரத்தையும் கொடுத்துத் தேடுங்கள். பிறகு ஞாயிறுக்கும் அப்படியே. இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஞாயிறன்று அது நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே போய்விடும்.

கல்லூரி விடுமுறையையும் கவனியுங்கள். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவில்தல் நாளை ஒட்டியும், டிசம்பர் கடைசியிலும், கோடையிலும் வளாக பஸ்கள் குறையும், சில நின்றே போகும். மாணவர் இல்லாத வாரத்தில் போனால் மேலே நான் சொன்ன வசதிகளில் பாதி இருக்காது.

கேள்வி: பஸ்ஸில் டிக்கெட் எப்படி எடுப்பது? நடத்துநர் இருப்பாரா?

பதில்: இருக்க மாட்டார். முன்வாசலில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் பணத்தைப் போட வேண்டும். மீதிச் சில்லறை கிடைக்காது. இருபது டாலர் நோட்டைப் போட்டால் போட்டதுதான். ஷாம்பெய்னில் ஒரு டாலர், நியூ யார்க் மாநிலத்தின் இதாகாவில் ஒன்றரை டாலர் என்ற அளவில்தான் கட்டணம் இருப்பதால் ஒரு டாலர் நோட்டுகள் பத்தும் கால் டாலர் நாணயங்கள் கொஞ்சமும் வைத்துக்கொண்டால் இரண்டு நாளுக்குப் போதும். கைப்பேசியில் டிக்கெட் வாங்கும் வசதியும் பல ஊர்களில் உண்டு.

பணமே வேண்டாத ஊர்களும் இருக்கின்றன. வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரப் பஸ்களில் 2002 முதல் யாருக்கும் கட்டணம் இல்லை. ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஓட்டும் நீல நிற பஸ்களில் மாணவர் அட்டையைக்கூடக் கேட்க மாட்டார்கள். ஷாம்பெய்னில் வளாகத்தைச் சுற்றி "ஐஸ்டாப்" என்று குறியிட்ட நிறுத்தங்களில் ஏறினால் இலவசம். இறங்கும் நிறுத்தம் நெருங்கும்போது ஜன்னலோரம் ஓடும் கயிற்றை இழுங்கள். மணி அடிக்கும், பஸ் நிற்கும். இறங்கும்போது மாணவர்கள் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவதைக் கேட்பீர்கள். நீங்களும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. மனைவிக்கு மூட்டுவலி, ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். படியேறும் பஸ் எங்களுக்கு ஒத்து வருமா? (கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஒத்து வரும் ஐயா. அங்கே உள்ளூர் பஸ்கள் தாழ்தளமாகவோ தூக்கும் மேடை உள்ளவையாகவோ இருக்கும். ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பஸ்ஸின் முன்பக்கத்தையே தரையை நோக்கித் தாழ்த்துவார், சரிவுப் பலகையையும் இறக்குவார். கேட்கத் தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது உங்கள் மனைவியின் உரிமை. ஓட்டுநர் காட்டும் சலுகை அல்ல.

இன்னும் இரண்டு விஷயங்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. மத்திய அரசின் நிதி பெறும் பஸ் நிறுவனங்கள், நெரிசல் இல்லாத நேரங்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். சில ஊர்களில் அதற்குத் தனி அட்டை கேட்பார்கள். அங்கே முழுக் கட்டணம் கொடுத்தாலும் பெரிய தொகை இல்லை.

இரண்டாவது, உடல் நிலையால் சாதாரண பஸ்ஸில் போக முடியாதவர்களை வீட்டு வாசலுக்கே வந்து அழைத்துப் போகும் சிறு வண்டிச் சேவை. இதை உள்ளூர்வாசிகள் மட்டுமின்றி வெளியூரிலிருந்து வருகிறவர்களும் ஓர் ஆண்டில் 21 நாட்கள் வரை பயன்படுத்த முடியும். பஸ் தடத்திலிருந்து முக்கால் மைல், அதாவது 1.2 கி.மீ. எல்லைக்குள் வருவார்கள். கட்டணம் சாதாரண டிக்கெட்டைப் போல இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஆனால் முந்தைய நாளே பதிவு செய்ய வேண்டும். பஸ் ஓடாத நேரத்தில் இந்த வண்டியும் ஓடாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த ஊர் பஸ் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசச் சொல்லுங்கள், பிள்ளை பேசட்டும். மனைவியின் மருத்துவச் சான்று ஒன்றும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். உரிமம் இன்னும் வாங்கவில்லை. சும்மா சுற்றிப் பார்க்க, கார் இல்லாமல் போக ஏற்ற பல்கலைக்கழக ஊர் எது?

பதில்: உங்கள் வாசலிலேயே பிரின்ஸ்டன் இருக்கிறது தம்பி. நியூ யார்க்கிலிருந்தும் நியூவர்க்கிலிருந்தும் வரும் ரயிலில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால், வளாகத்துக்கு என்றே "டிங்கி" என்ற குட்டி ரயில் ஓடுகிறது. மொத்தத் தடமே 4.3 கி.மீ.தான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இறங்கியவுடன் வளாகம், அதைக் கடந்தால் நாசாவ் (Nassau) தெரு, கடைகள், புத்தகங்கள். போவதற்கு முன் அன்று டிங்கி ஓடுகிறதா, அதற்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது கலிஃபோர்னியாவின் டேவிஸ். சாக்ரமெண்டோவிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். உள்ளங்கை போலச் சமமான தரை. அமெரிக்காவில் சைக்கிளுக்கென்று சாலையில் தனித் தடம் முதலில் போட்டது இந்த ஊர்தான், 1967இல். மறு ஆண்டே மாணவர்கள் லண்டனிலிருந்து இரண்டு பழைய மாடி பஸ்களை வரவழைத்து ஒரு பஸ் சேவையைத் தொடங்கினார்கள். யூனிட்ரான்ஸ் என்ற அந்தச் சேவையை இன்றும் மாணவர்களே ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை காலை ரயிலில் இறங்கி, சில தெருக்கள் நடந்தால் உழவர் சந்தை. பழம் வாங்கிக்கொண்டு, வளாகத்துத் தாவரப் பூங்காவில் ஓடைக் கரையோரமாக நடக்கலாம். ஒரு பகல் முழுவதும் சக்கர வண்டி எதிலும் ஏறாமலே கழிந்துவிடும்.

இதாகா வேறு வகை. கார்னெல் பல்கலைக்கழகம் குன்றின் மேல், ஊர் பள்ளத்தில், ரயிலே கிடையாது. நியூ யார்க்கிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆனால் ஊரிலிருந்து வளாகத்துக்குக் காஸ்கடில்லா பள்ளத்தாக்கு வழியாக, அருவிகளை ஒட்டிக் கல்படிகளில் ஏறிப் போக ஒரு பாதை இருக்கிறது. பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், மற்ற நாட்களில் அதில் ஏறுங்கள். மேலே ஐ.எம். பெய் வடிவமைத்த ஜான்சன் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. அதன் மேல் மாடியிலிருந்து கயூகா ஏரி நீண்டு கிடப்பது தெரியும். காரில் வருகிறவர்கள் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அருவிச் சாரலில் நின்றிருப்பீர்கள். கால் வலித்தால் இறங்குவதற்குப் பஸ் இருக்கிறது.

கேள்வி: அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆன் ஆர்பர் போக நினைத்தேன். ஹோட்டல் விலை மூன்று மடங்காகக் காட்டுகிறதே?

பதில்: அன்று கால்பந்து ஆட்டம் இருக்கும், நாம் காலால் ஆடுவது அல்ல, அமெரிக்கக் கால்பந்து. மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் அமரலாம். ஆன் ஆர்பரின் மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் 1,23,851தான். ஏறக்குறைய இன்னொரு ஊர் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக்களை அடைப்பார்கள், பஸ் தடம் மாறும், டாக்சி கிடைக்காது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இப்படி ஆறேழு சனிக்கிழமைகள் வரும். அட்டவணையைப் பல மாதங்களுக்கு முன்பே வெளியிட்டுவிடுவார்கள். ஆட்டம் பார்க்கப் போகவில்லை என்றால் அந்தத் தேதிகளைத் தவிருங்கள். அணி வெளியூரில் ஆடும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போனால் அதே ஊர் அமைதியாக உங்களை வரவேற்கும். மே மாதப் பட்டமளிப்பு வாரமும் ஆகஸ்டில் மாணவர் விடுதிக்குக் குடியேறும் வாரமும் இதே கதைதான்.

மாறாக, ஆட்ட நாளில் சிக்கிக்கொண்டால் கார் இல்லாதவர்தான் பாக்கியசாலி. எல்லோரும் நடக்கும் திசையில் நீங்களும் நடக்கலாம்.

கேள்வி: ஞாயிறு மாலை ரயிலைப் பிடித்து அன்றிரவே விமானம் ஏறலாமா?

பதில்: வேண்டாம். ஆம்ட்ராக் ஓடும் தண்டவாளங்களில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஷாம்பெய்ன் வழித்தடமும் அப்படித்தான். எதிரே நீண்ட சரக்கு ரயில் வந்தால் பயணிகள் ரயில் ஒதுங்கி நிற்க நேரும். ஒரு மணி நேரத் தாமதத்தை இயல்பாக வைத்துத் திட்டமிடுங்கள். விமானம் மறுநாளாக இருக்கட்டும், அல்லது காலை ரயிலில் புறப்படுங்கள்.

கேள்வி: இந்திய மளிகைக் கடைக்கு எப்படிப் போவது? மகனுக்கு ஒரு மாதத்துக்கான சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு வர ஆசை.

பதில்: அந்தக் கடைகள் பெரும்பாலும் வளாகத்திலிருந்து தள்ளி, வாடகை குறைந்த சாலையோர வளாகங்களில் இருக்கும். போகும்போது பஸ், திரும்பும்போது கைப்பேசி செயலியில் அழைக்கும் உபர் அல்லது லிஃப்ட் (Lyft) டாக்சி. அரிசி மூட்டையோடு ஞாயிறு பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நிற்க வேண்டாம் அம்மா. மகனின் அறைத் தோழர்களுக்கும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் அந்த ஒரு வண்டி வாடகை நான்கு பேருக்குப் பயன்படும்.

கேள்வி: ஊருக்கு வெளியே நாற்பது கி.மீ. தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது. எனக்கு 20 வயது, உரிமம் இருக்கிறது. வாடகைக் கார் எடுக்கலாமா?

பதில்: ஊருக்கு வெளியே போகத்தான் கார் தேவை, அதை ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான வாடகை நிறுவனங்கள் 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் நாள்தோறும் கூடுதல் கட்டணம் வாங்கும். பல இடங்களில் 21க்குக் கீழே தரவே மாட்டார்கள். வளாகங்களில் நிறுத்தியிருக்கும் ஜிப்கார் போன்ற மணிக்கணக்கு வண்டிகளுக்கு 18 வயது மாணவர்களும் உறுப்பினராகலாம். உறுப்பினராக ஒப்புதல் கிடைக்கச் சில நாட்கள் ஆகலாம் என்பதால் முன்பே விண்ணப்பியுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். இரண்டு நாளும் காரை வைத்துக்கொண்டு நிறுத்த இடம் தேடி அலைவதைவிட அது நிம்மதி.

கேள்வி: இரவு நேரம் பாதுகாப்பா?

பதில்: வளாகத்தின் முக்கியத் தெருக்களில் நள்ளிரவு வரை மாணவர் நடமாட்டம் இருக்கும். பல்கலைக்கழகங்கள் நடத்தும் இரவு வண்டிச் சேவை பெரும்பாலும் மாணவர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். அதை நம்பிப் பெற்றோர் வெளியே இருக்க வேண்டாம். மதுக்கூடங்கள் மூடும் ஒன்று, இரண்டு மணிக்கு டாக்சி விலை ஏறும். பதினொரு மணிக்குள் அறைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பஸ் மாலை 5 மணிக்கு. பெட்டிகளோடு ஆறு மணி நேரம் என்ன செய்வது?

பதில்: ஹோட்டல் வரவேற்பில் கேளுங்கள், பெட்டிகளை மாலை வரை வைத்துக்கொள்வார்கள். பிறகு மாணவர் சங்கக் கட்டடத்துக்குப் போங்கள். ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வளாகத்தின் நடுவில் அது இருக்கும். யார் வேண்டுமானாலும் நுழையலாம். சாப்பாடு, கழிப்பறை, சாய்வு நாற்காலி, கைப்பேசிக்கு மின்சாரம் எல்லாம் உண்டு. உங்கள் பிள்ளை அங்கேதான் தேர்வுக்குப் படிப்பான். எந்த நாற்காலியில் உட்காருவான் என்று கேட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். நான்கு மணிக்கு எழுந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டால் பஸ்ஸுக்கு அவசரம் இருக்காது.